ஒரு ரியால் அதிகம்

மணி பதினொன்றேகால்.
அனுமதித்தாளில் எழுதிய நேரம்
கால்மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.
சோஹார் மைதானத்தில் சீரியல் பல்பு மட்டும்
விட்டு விட்டு எரிகிறது.
நான் பொருளாளர்.
குருமாக் கறை படிந்த பிளாஸ்டிக் மேசையில்
இரண்டாம் முறையாக எண்ணுகிறேன்.

விற்ற கூப்பன் சொல்வது
ஆயிரத்து நூற்று எண்பத்தாறு ரியால் நானூறு பைசா.
கையில் இருப்பது
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு ரியால் நானூறு.

குறைந்தால் எனக்குப் பழக்கம்.
போன வருடம் எட்டு ரியால் குறைந்தது,
என் பர்ஸிலிருந்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
கூடினால்?
சஸ்பென்ஸ் கணக்கு என்று பி.காமில் ஒன்று படித்தேன்.
எங்கள் நாற்பது பக்க நோட்டில்
அதற்கு இடமில்லை.

கோமதிநாயகமாக இருக்கலாம்.
காசு வாங்காதீர்கள், கூப்பன் மட்டும் என்று
மைக்கில் ஆறு தரம் கத்தினேன்.
மிளகாய் பஜ்ஜிப் புகைக்குள் அவருக்கு
எது காதில் விழுந்திருக்கும்.

கிளப் மேலாளர் ஹமூத்?
மூன்று பொட்டலம் சுண்டல் சாப்பிட்டார்,
மூன்றுக்கும் வரிசையில் நின்று கூப்பன் வாங்கினார்.
எங்களுக்கு கேட்டைத் திறந்துவிட்டவரே அவர்தான்.
அவர் இல்லை.

கேம்ப் பையன்கள் எட்டு மணிக்கு பஸ்ஸில் வந்தார்கள்,
ஷிப்ட் முடிந்து, தலை ஈரம் காயாமல்.
அவர்கள் வாலிபால் ஆடுவது
கோல்டு ஸ்டோரேஜுக்குப் பின்னால் உள்ள பொட்டலில்,
இரண்டு பிக்கப்பின் ஹெட்லைட்டில்.
எதிரணியின் முகமே தெரியாது, அக்கா,
நிழல்தான் முதலில் எகிறி வந்து அடிக்கும் என்றான்
செல்வின்.
பேட்டரி இறங்கினால் மேட்ச் டிரா.
அப்புறம் இரண்டு அணியும் சேர்ந்து வண்டி தள்ளும்.

விளக்குக் கம்பத்துக்குத்தான் பாதிப் பணம்.
மீதிப் பாதி தஸ்னீமுக்கும் அவள் கூட்டத்துக்கும்.
ஆறு பிள்ளைகள், வாசிக்க ஓர் அறை வேண்டும்.
அவள் வீட்டில் கிளாரினெட் எடுத்தாலே
பக்கத்து ஃப்ளாட்காரர் சுவரைத் தட்டுகிறார்,
அதையும் தாளம் தப்பித் தட்டுகிறார்.

ஒன்பது மணிக்கு மேடையில் அது கீச்சிட்டது.
சிரித்தார்கள்.
எங்கள் செயலாளர் இருதயராஜும் சிரித்தார், பார்த்தேன்.
அவள் கருவியை இறக்கினாள்,
வாய் துடைத்தாள்,
ஈரமான ரீடைக் கழற்றி வேறொன்று மாட்டினாள்.
அவ்வளவு நேரமும் யாரையும் பார்க்கவில்லை.
பிறகு முதல் வரியிலிருந்து.
அந்த நேரம் மேசையில் நான் இல்லை.
எழுந்து போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
பெட்டி திறந்தே கிடந்தது.

எடுத்திருக்கலாம் யாரும்.

"என்ன மேடம், கணக்கு முடிந்ததா?"
இருதயராஜ் பாத்திரங்களோடு நிற்கிறார்.
அண்டா நாளைக் காலைக்குள் திரும்ப வேண்டும்,
வாடகை மூன்று ரியால்,
அதையும் செலவில் எழுதச் சொல்கிறார்.
வரவுப் பக்கத்தின் கடைசி வரியில்
நான் எழுதியிருப்பதைப் படிக்கிறார்:
காற்று. ஒரு ரியால்.

"இது என்ன வரவு?"
பந்துக்கு அடிக்க என்றேன். அவளுக்கு ஊத என்றேன்.
ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார்.
நமக்கு ஏது ஆடிட்டர் என்றேன்.
கொஞ்சநேரம் பேனாவைத் தேடினார்.
கையெழுத்துப் போட்டார், தேதி தப்பாக.

வெளியே செல்வின் கூட்டம்
யாருடைய பிக்கப்பையோ தள்ளுகிறது.
சவுண்டு செட் ஏற்றிய வண்டி, கனம்.
மூன்றாம் தள்ளில் இருமி, பிடித்துக்கொண்டது.
விளக்கு எரிந்து வண்டி திரும்பியபோது
நெட்டின் நிழல் மைதானத்தைக் கடந்து
காலி மேடைமேல் ஏறி
நாற்காலிகளில் கட்டம் கட்டமாக விழுந்தது.
ஒரு நாற்காலியில் பழைய ரீடு கிடந்தது.
எடுத்து, ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டில்
செருகிக்கொண்டேன்.
மூன்றாம் முறை எண்ணவில்லை.